ஆறு மூலைக் கல்

கல் அறுக்கும் பட்டறையில் கணினிமுன் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும், மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் பெயரால், மூலைமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கோடு பிசகினாலும் ஆளை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவாள். அன்று மேசைமேல் ஒரு தாளை வைத்த கையைப் பார்த்ததுமே அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வருடக்கணக்கில் அந்தக் கைக்குச் சோறு போட்டவளாயிற்றே.

"இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. சமையல் மேடைக்குக் கல்லு. அளவெல்லாம் நானே எடுத்துட்டேன்," என்றான் முன்னாள் கணவன். கூச்சம் கொஞ்சமும் இல்லை. அவன் பின்னால் புது மனைவி நின்றாள். வெள்ளி நரம்போடிய கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தது அவள்தானாம். அந்த ரகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு பலகைதான்.

மூலைமட்டம் தாளில் எழுதியிருந்த ஆறு மூலைப் புள்ளிகளையும் கணினியில் தட்டினாள். திரையில் கோடுகள் கூடி, நீளக் கை ஒன்றும் குட்டைக் கை ஒன்றுமாக, 'ட' எழுத்துப்போல் ஆறு மூலை உருவம் எழுந்தது. அவளுக்குத் தெரியாத மேடையா அது? குட்டைக் கை இடப்பக்கம், ஜன்னலடியில் வரவேண்டும். அவன் எழுதியதில் வலப்பக்கம் இருந்தது. நடுக்கோட்டுக்கு இடப்புறப் புள்ளிகளுக்குப் போடவேண்டிய கழித்தல் குறியை அவன் வலப்புறப் புள்ளிகளுக்குப் போட்டிருந்தான்.

கல்லை எந்தப் பக்கமும் சுற்றலாம், நகர்த்தலாம். புரட்ட மட்டும் முடியாது. மெருகு ஒரு முகத்தில்தான், அடிப்பக்கம் சொரசொரப்பு. இடக்கால் செருப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அது வலக்காலுக்கு ஆகுமா? ஆனால் திரையில் அப்படியில்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் மறுபக்கம் போய்விடும். பழக்கதோஷத்தில் அவள் விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது.

அந்த ஜன்னலடியில் நின்றுதான் அவள் ஒருநாள், நானும் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அதே மேடைமேல்தான் பிறகு அவள் துணிகளை மூட்டையாகக் கட்டி வைத்து, கிளம்பு என்றான். விரலை எடுத்துக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"குட்டைக் கை எந்தப் பக்கம்னு ஒரு தடவை பாத்துக்குங்க," என்றாள். கேட்கவில்லை என்ற பேச்சு வரக்கூடாது.

"உனக்கு என்ன தெரியும்? எழுதினபடி அறு."

"ஜன்னல் இடது பக்கம்தானே..." என்று புது மனைவி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு."

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

போட்டான். எழுதினபடியே, ஒரு மயிரிழை பிசகாமல் அறுத்துக் கொடுத்தாள். அதைவிடச் சுத்தமாக அவள் எந்தக் கல்லையும் அறுத்ததில்லை.

மறுநாள் கல் பதிக்கப் போன மேஸ்திரி போன் செய்தார். "அம்மா, சுத்திச் சுத்தி வெச்சுப் பாத்துட்டோம். சேர மாட்டேங்குது."

சேராது. இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் காலையிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். சிரிக்க வாய் திறந்தபோது, மேஸ்திரிக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

"அளவு எடுக்கறப்போ நாடாவ ஒழுங்காப் புடிச்சியா நீ? உன்னாலதான் எல்லாம்! உனக்கு என்ன தெரியும்?"

அவனுக்கு விழவேண்டிய அடி புது மனைவி தலையில் விழுந்திருந்தது. இதற்காகவா அறுத்தேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அண்ணே, ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக: "நாடா புடிச்சவங்க மேல தப்பில்ல. பக்கத்த மாத்தி எழுதினது அவரு. ஜன்னல் எந்தப் பக்கம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, வாய அடைச்சாரு. எனக்கும் தெரியும், அந்த மேடையில சமைச்சவதான் நானும். தெரிஞ்சேதான் அறுத்தேன்."

பிறகு போனுக்கு மிக அருகில் ஒரு பெண் குரல், "நானும் சொன்னேன்," என்றது. யாரிடம் சொன்னாளோ தெரியவில்லை. இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை.

மூலைமட்டம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, திரையில் அதே உருவத்தைத் திறந்து, அதைப் புரட்டும் அந்தப் பொத்தானைத் தட்டினாள். ஆறு மூலைகளும் ஒரே தாவலில் நடுக்கோட்டைத் தாண்டின. குட்டைக் கை இடப்பக்கம் போய், ஜன்னல் இருக்கவேண்டிய வெற்றிடத்துக்குக் கீழே சரியாக உட்கார்ந்தது.