ஏழாவது ஒசதொடக்கு

லீவு நாளை வீணாக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்தால், ஓசூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார்கள். மீதிப் பேர் அருப்புக்கோட்டை, சிவகங்கை என்று சொந்த ஊருக்கு ஓடுவார்கள். போகவும் வரவும் பஸ்ஸிலேயே முதுகை ஒடித்துக்கொண்டு, திங்கட்கிழமை மெஷின் முன்னால் நின்று கொட்டாவி விடுவார்கள். நான் அப்படியில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே காகிதத்தில் எழுதிவிடுவேன். எந்த நாள் எந்தத் திருவிழா, எந்தச் சந்தை, எத்தனை மணி பஸ் எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி இருளாயி அதற்கு ‘புரொடக்‌ஷன் பிளான்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

2009-இல் யுகாதி வெள்ளிக்கிழமை வந்தது. ஆர்டர் குறைவு என்று கம்பெனியில் சனிக்கிழமையும் விட்டுவிட்டார்கள். ஞாயிறு இருக்கவே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு ஓசூர் மலைக்கோயில் என்று எழுதினேன். சனிக்கிழமை கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு ஊரில் எருது விடும் விழா. பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் முனிராஜ் வந்து நின்றான். ஏழு வருஷமாக எனக்குப் பக்கத்து லேத் அவனுடையது. ஒருமுறை இரும்புச் சுருள் என் கையைக் கிழித்தபோது, சூப்பர்வைசர் பர்மிஷன் ஃபாரம் தேடிக்கொண்டிருக்க, என்னை பைக்கில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் அவன்தான்.

“சௌந்தர் அண்ணா, நாளன்னிக்கு எங்க ஊட்ல ஒசதொடக்கு. அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிகினு வந்துடுங்க” என்றான்.

யுகாதியன்று இனிப்பு, மறுநாள் கறி. இந்த எல்லைப் பக்கத்தில் அந்த மறுநாளுக்குத்தான் ஒசதொடக்கு என்று பெயர். புது வருஷத்தின் தொடக்கம். கன்னடம், தெலுங்கு, தமிழ் எதைப் பேசினாலும், கறி தின்கிற வீடுகளில் அன்றைக்குக் குழம்பு கொதிக்கும்.

“அடடா! கிருஷ்ணகிரியில ஒரு கல்யாணம் முனிராஜ். சொந்தக்காரங்க. போகலைன்னா பொல்லாப்பாயிரும்” என்றேன்.

பொய். போன வருஷம் காய்ச்சல். அதற்கு முந்தின வருஷம் ஊரிலிருந்து மைத்துனன் வந்திருந்தான். அதுவும் பொய்தான். ஏழு வருஷத்துக்கு ஏழு பொய்.

காரணம் சாதி. சுற்றி வளைத்துச் சொல்வானேன்? முனிராஜ் காலனிக்காரன். கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தச் சோற்றை யார் வடித்தது என்று நான் கேட்டதில்லை. ஆனால் அவன் வீட்டுக்குள் போய், அவன் வீட்டு அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுவது என்றால், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று தொண்டையில் குறுக்கே நின்றது. எனக்குச் சாதியே பார்க்கத் தெரியாது என்று பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். லீவுக்கு புரோகிராம் இருக்கிறது, அதனால்தான் போகவில்லை என்று எனக்கும் சொல்லிக்கொள்வேன்.

“பரவால்லண்ணா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றான் முனிராஜ். ஏழு வருஷமும் இதே பதில்.

வெள்ளிக்கிழமை பிளான்படி நடந்தது. மலையேறி இறங்கி வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரம்மா நாராயணம்மா கிண்ணத்தில் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கொண்டுவந்தார். என் மகள் தர்ஷினி வெல்லத்தை மட்டும் பொறுக்கித் தின்றாள். ஒன்பது வயது. என் மகள்தானே, வேறெப்படி இருப்பாள்?

“ஏ பாப்பா, நாளைக்கு அழுவாத, சண்ட போடாத. நாளைக்கு என்னா செய்றமோ அதான் வருசம் பூரா நடக்கும்” என்றார் நாராயணம்மா.

“அப்ப நாளைக்குப் பொய் சொன்னா?” என்றாள் தர்ஷினி.

“வருசம் பூரா பொய்தான்.”

நான் வேப்பம்பூவை மென்றுகொண்டு பேப்பரைப் பிரித்தேன்.

சனிக்கிழமை எருது விடும் விழாவில் கூட்டம் நெரிந்தது. தடுப்புக் கட்டைக்கு வெளியே நின்ற ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏறிக்கொண்டோம். கொம்பில் வண்ணத் தட்டி கட்டிய காளைகள் தெருவில் பாய்ந்து வர, தர்ஷினி கத்திக் கத்தியே தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். நல்ல இடம் பிடித்துக் கொடுத்தேன் என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கீழேயிருந்து ஒரு கை என் காலைத் தொட்டது.

“அண்ணா!”

முனிராஜ். தலையில் துண்டு, முகமெல்லாம் சிரிப்பு. அவன் வீடு டேம் பக்கம் என்று எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று தெரியாது. ஏழு வருஷத்தில் ஒருமுறை போயிருந்தாலும் தெரிந்திருக்கும்.

“நீங்களும் எருது பாக்க வந்தீகளா தம்பி?” என்றாள் இருளாயி.

“நம்ம ஊர்தான் அண்ணி இது. அதோ தண்ணி டேங்கு தெரியுதில்ல, அதுக்குப் பின்னாடி காலனி. கல்யாணம் முடிஞ்சி போச்சுங்களா?”

“எந்தக் கல்யாணம்?”

முனிராஜ் என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான் இருக்கும். அந்த ஒரு நொடியில் ஏழு வருஷத்தையும் அவன் கூட்டிப் பார்த்துவிட்டான் என்று எனக்குப் பட்டது. பிறகு அவன் சிரித்தான்.

“வேற யாரையோ நெனச்சிகினு கேட்டுட்டேன் அண்ணி. வாங்க, நாலு எட்டுதான் ஊடு. இன்னிக்கு ஊரு எல்லைக்கு வந்துட்டு சாப்புடாத போவக்கூடாது.”

என் மானத்தை அவன் காப்பாற்றினான். அதில்தான் என் மானம் முழுசாகப் போனது.

கவர்ன்மென்ட் கட்டிக்கொடுத்த தளம் போட்ட வீடு. முன்னால் அவன் பைக். முனிராஜின் மனைவி மாரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். முள் கீறிய கைகள். அவர்கள் மகள் சுவேதா, ஒரு கேள்வியும் கேட்காமல் தர்ஷினியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

முனிராஜ் டிவி மேலிருந்து ஒரு பையை எடுத்து என் முன்னால் வைத்தான். ஓசூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் பெயர் போட்ட பிரியாணிப் பொட்டலங்கள்.

“உங்களுக்கு ஓட்டல்ல வாங்கியாந்துட்டேன்ணா. எங்க ஊட்டு சமையல் இல்ல. தைரியமா சாப்புடுங்க.”

“நான்தான் வரலைன்னு சொன்னேனேப்பா” என்றேன்.

“ஒவ்வொரு வருசமும் வாங்கிடுவேன்ணா. ஒருவேள வந்துட்டா?”

“சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு சுவேதாக்குக் குடுத்துடுவாரு” என்றார் மாரம்மா.

அதற்குள் தர்ஷினி உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். தட்டில் ராகிக் களி, மேலே கறிக்குழம்பு, வாய் முழுக்கச் சிவப்பு. “அப்பா, களியக் கடிக்கக் கூடாதாம், முழுங்கணுமாம்!” என்றாள். அவளுக்கு என் ஊரிலிருந்து வந்த எதுவும் தொண்டையில் நிற்கவில்லை.

“எங்களுக்கும் அதையே போடும்மா” என்றேன்.

மாரம்மா அசையவில்லை.

“போடறேன்ணா. கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்ற நாளு இல்ல இது. ஆனா ஒண்ணு கேக்கணும். இவரு உங்க ஊட்டுக்கு வந்தா பேப்பர் கப்புல டீ குடுக்கறீங்களாமே, உங்க ஊட்ல எல்லாருமே பேப்பர் கப்புலதான் குடிக்கறீங்களா?”

“ஏ மாரம்மா, இன்னிக்குப் போயி அத எதுக்கு…” என்றான் முனிராஜ்.

“இன்னிக்குக் கேட்டாத்தான் வருசம் பூரா கேக்க வாய் வரும்.”

இருளாயி தலையைக் குனிந்துகொண்டாள். குனிய வேண்டியவன் நான். எங்கள் அடுப்படி அலமாரியில் அந்தக் கப்புக் கட்டை வாங்கி வைத்தது நான்தான். கழுவுகிற வேலை மிச்சம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஆனால் முனிராஜ் வருகிற அன்றைக்கு மட்டும்தான் அந்தக் கட்டைப் பிரித்தோம்.

“இல்லம்மா. தப்புதான்” என்றேன். வேறு எதைச் சொன்னாலும் எட்டாவது பொய்யாகியிருக்கும்.

மாரம்மா உள்ளே போய் இரண்டு தட்டு கொண்டுவந்தார். வெட்கமாக இருந்தது. பசியும் இருந்தது. இரண்டோடும் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. பிரியாணிப் பொட்டலங்கள் பிரிக்காமல் அப்படியே கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் இருளாயி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். சந்தையில் ஆடு கத்தியது, மிளகாய் நெடி மூக்கில் ஏறியது, தர்ஷினிக்கு வளையல் வாங்கினோம். தார்ப்பாய் விரித்து எவர்சில்வர் பாத்திரம் விற்கிற கடை முன்னால் நான் நின்றேன். நல்ல கனமான டம்ளராகப் பார்த்து மூன்றைக் கையில் எடுத்தேன். ராத்திரியெல்லாம் யோசித்து நான் கண்டுபிடித்த பரிகாரம் அது.

“எதுக்கு?” என்றாள் இருளாயி.

“முனிராஜ் வீட்டுக்காரங்க வந்தா டீ குடுக்க.”

“நம்ம வீட்ல டம்ளர் இல்லையா?”

“பன்னெண்டு இருக்கும்மா” என்றாள் தர்ஷினி.

“அப்புறம் இது எதுக்குங்க? நேத்து வரைக்கும் பேப்பர்ல தனிக் கப்பு. இனிமே எவர்சில்வர்ல தனி டம்ளரா?”

டம்ளர்களைத் திரும்ப வைத்தேன். கடைக்காரர் விலை அதிகம் என்று நினைத்துக்கொண்டு குறைத்துக் குறைத்துச் சொன்னார். அவரிடம் என்னத்தைச் சொல்ல?

பிளானில் மாலை ஆறு மணி என்றிருந்தது. நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். பேப்பர் கப்புக் கட்டை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு முனிராஜுக்கு போன் போட்டேன்.

“முனிராஜ், சாயங்காலம் டீக்கு வாங்க. மாரம்மாவையும் சுவேதாவையும் கூட்டிட்டு வா.”

“இன்னிக்கு முடியாதுண்ணா” என்றான். “கிருஷ்ணகிரியில ஒரு கல்யாணம்.”

சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

“பரவால்ல முனிராஜ். அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றேன். ஏழு வருஷமாக அவன் சொன்னதை நான் ஒருமுறைதான் சொன்னேன்.

அடுப்படிக்குப் போனேன். இருளாயி ஆறு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். எல்லாம் நாங்கள் தினமும் குடிக்கிற டம்ளர். பாத்திரத்தில் ஆறு பேருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வரலைன்னு சொல்லிட்டானே” என்றேன்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

“ஒருவேள வந்துட்டா?”