கழுதைக்குக் குரல் கொடுத்தவள்

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவரின் டையை அவள் மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, அடக்கம் முடிஞ்சதும் பின்னறையைக் காலி பண்ணிடவா? அத்தான் இல்லாம நான் மட்டும் என்னத்தச் செய்ய?”

“பண்ணிடு.”

முடிச்சு இந்தத் தடவையும் கோணலாகத்தான் வந்தது. உயிரோடிருந்தபோதும் அவருக்கு அப்படித்தான் நிற்கும். விட்டுவிட்டாள்.

பின்னறைதான் அவர்களுடைய கம்பெனி. ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் சுட்டுத்தள்ளுவதையே விளையாட்டாக ஆடுவதைப் பார்த்துவிட்டு, வேறு மாதிரி ஆட்டங்கள் செய்ய இருபத்திரண்டு வருடம் முன்பு அவர் ஓவிய வாத்தியார் வேலையை விட்டார். படம் வரைய அவர், புரோகிராம் எழுதத் தம்பி. பைபிளில், தன்னை அடிக்கிற எஜமானிடம் பேசுகிற கழுதைதான் முதல் ஆட்டம். கழுதைக்குக் குரல் கொடுக்க ஆள் அகப்படவில்லை. எதிரொலி கேட்காமலிருக்க இவளைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்து, “உனக்குக் கோபமில்ல, வருத்தம்தான். அப்படிப் பேசு” என்றார் அவர்.

“ஏன் அடிக்கிறீங்க? நான் என்ன செஞ்சேன்?”

பதினேழு தடவை சொன்னாள். பதினேழாவதில் தம்பி ரெக்கார்டரை அணைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

கிறிஸ்தவ ஆட்டத்தில் அடிப்பதற்கு ஒரு பட்டன் எதற்கு என்று சபையில் முணுமுணுத்தார்கள். “அடிக்க முடியலேன்னா கழுதை ஏன்னு எப்படிக் கேட்கும்?” என்றவர், அதை எடுக்கவேயில்லை. அதற்குப் பிறகு எட்டு ஆட்டங்கள். எதுவும் ஊரைக் கலக்கவில்லை. நல்ல மனுஷன், விளையாட்டிலேயே ஆயுசைக் கழித்துவிட்டாரே என்று அவளுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவரிடம் சொன்னதில்லை.

கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவள் முன்பின் பார்த்திராத பெண். நர்ஸ் உடுப்பில், வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

“வந்ததுக்கு நன்றிம்மா” என்றாள் இவள்.

அந்தப் பெண் கையை விடவில்லை. “நீங்கதானே கழுதை?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மன்னிச்சிடுங்க. குரலைக் கேட்டதும் வாயில வந்திருச்சு. சாரை நான் பார்த்ததில்ல. ஆட்டம் தொடங்கும்போது அவர் பேரு வரும். பேப்பர்ல வந்த அறிவிப்புல அதே பேரைப் பார்த்துட்டு வந்தேன்.”

“பரவால்லம்மா, சொல்லு.”

“எங்கப்பா ரொம்ப அடிப்பார். ஒருநாள் கழுதை கேட்ட மாதிரியே நானும் கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“தூக்கின கை அப்படியே இறங்கிருச்சு. அதுக்கப்புறம் ஓங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பார்.”

பின்னால் நின்றிருந்த தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திரும்பும்போது தம்பி காரை ஓட்டினான். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு அவள் கேட்டாள்.

“இப்போ செஞ்சிட்டிருக்கிற ஆட்டத்துல இன்னும் என்ன பாக்கி?”

“படமெல்லாம் அத்தான் முடிச்சிட்டார். குரல்தான் பாக்கி. ஒரு ஒட்டகம் இருக்கு.”

“பேசுமா?”

“பேசாது. இருமும்.”

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். வாயைப் பொத்தியிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, வெளியே பார்த்தபடியே ஒருதடவை இருமினாள்.

தம்பி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் கரகரப்பா வேணும்க்கா.”

கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துவிட்டு, அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.