அத்தை சொன்ன ஆமென்

என் மாமியார் இராக்கம்மா ஆமென் சொல்லும் வேகத்துக்குப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் ஈடு கிடையாது. ஜெபம் முடியும்வரை அவருக்குப் பொறுமை இருக்காது. ஒருமுறை நிமலன் பாஸ்டர், "அடுத்த ஞாயிறு எனக்குப் பண்டாரவளையில கூட்டம், அதனால இங்க ஆராதனை இல்ல" என்று அறிவித்தார். முதல் வரிசையிலிருந்து "ஆமென்!" வந்தது. பாவம், பாஸ்டரின் முகம் வாடிப்போனது.

சொல்வதில் மட்டுமில்லை, சொன்னதைக் காப்பாற்றுவதிலும் அத்தை கறார். என் வீட்டுக்காரர் தயாபரன் சாராயத்தை விடவேண்டும் என்று பாஸ்டர் ஜெபித்தபோது, இவர் அரைத்தூக்கத்தில் ஆமென் சொல்லித் தொலைத்தார். பிறகொரு நாள் போத்தலோடு லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு வந்தவரை அத்தை வாசலிலேயே மறித்தார். "நீதாண்டா ஆமென் சொன்ன? ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லுவியா?" போத்தலில் இருந்ததெல்லாம் சாக்கடைக் கானில் ஓடியது.

இப்படிப்பட்ட மனுஷிக்குத்தான் பிரஷர். போன மாதம் சபைக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். கணீரென்ற குரல். "வியாதியே, போ!" என்று அவர் மைக்கில் அதட்டியதில் தகரக்கூரையே அதிர்ந்தது. மாத்திரையை நிறுத்து என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தைதான் வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டின்னைத் தூக்கிப் பரண் மூலையில் போட்டார்.

"போன்னு சொன்னாரு, போயிருச்சு. இனி எதுக்கு மாத்திரை?"

கெஞ்சினேன். சண்டையும் போட்டேன்; எனக்கு வாய் நீளம், லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "ஒன் பேச்சுல கோவம்தான் இருக்கு யசோ, அதிகாரம் இல்ல" என்றார் அத்தை. பாஸ்டர் வந்து, "பெரியம்மா, டாக்டரும் ஆண்டவர் குடுத்தவர்தான்" என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார்.

"மூக்கு ஒழுகிக்கிட்டு நின்ன உன்னைய பீலித் தண்ணியில குளிப்பாட்டுனவ நான். எனக்கு நீ விசுவாசம் சொல்லித் தர்றியா?"

பாஸ்டர் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரமே கொழுந்து பறிக்கும்போது அத்தை மலையில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மாத்திரை போடாவிட்டால் கைகால் விழுந்துவிடும், உயிருக்கே ஆபத்து என்றார். தாயில்லாத எனக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிடுவது அந்த அம்மாதான். வீட்டுக்கு வந்த பிறகும் அத்தை அசையவில்லை. "களைப்பு, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்லும் நேரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சபையில் எழுந்து நின்றதே இல்லை. லயத்தைக் கலக்கும் என் குரல் நாலு பேர் முன்னால் தொண்டையோடு நின்றுவிடும். அன்றைக்கு எழுந்து மைக்கை வாங்கினேன். அந்தப் பிரசங்கியார் மாதிரி அதட்டத்தான் நினைத்தேன். வந்தது கீச்சுக்குரல்.

"ஆண்டவரே, எங்க அத்தையக் காப்பாத்துனதுக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்!" என்றார் அத்தை, எல்லோருக்கும் முந்தி.

"அவங்க ரொம்ப காலம் எங்களோட இருக்கணும்."

"ஆமென்!"

"இயேசுவின் நாமத்துல சொல்றேன், அவங்க இன்னையிலருந்து பிரஷர் மாத்திரைய..."

"ஆமென்!"

"...ஒழுங்கா போடணும்."

அத்தை திறந்த வாயை மூடவில்லை. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், இதற்காகவே காத்திருந்தவர் போல, "நீதானம்மா ஆமென் சொன்ன?" என்றார். பாஸ்டர் பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

"முழுசாக் கேக்காம சொன்னது. அது கணக்குல வராது" என்று அத்தை தப்பிக்கப் பார்த்தார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மைக்கைக் கீழே வைத்தேன். அதட்டலும் மறந்துபோனது, கோபமும் மறந்துபோனது.

"அத்தை, நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா? ஆண்டவர் உங்கள எனக்குக் குடுத்திருக்காரு. நீங்க எனக்கு வேணும். மாத்திரையப் போடுங்க."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்து, கண்ணைத் துடைத்து, உட்காரும்வரை பொறுத்திருந்தார். அதற்குப் பிறகுதான், மெதுவாக, "ஆமென்" என்றார்.

இப்போதெல்லாம் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வழியில் நிற்கிறார்.

"சொல்லு."

"என்னத்தச் சொல்ல? நேரமாச்சு, போடுங்க அத்தை."

"இப்படி இல்ல. அன்னைக்கு மாதிரி அதிகாரத்தோட சொல்லு."

"நீங்க எனக்கு வேணும் அத்தை. போடுங்க."

ஒரே மடக்கில் விழுங்குகிறார். அவர் வாய் திறப்பதற்குள், லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து, வருஷா வருஷம் முருகனுக்குக் காவடி எடுக்கும் சின்னராசா அண்ணன் சத்தமாக "ஆமென்!" என்கிறார்.