கேட்டோரத்து எறும்பு மரம்

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்திருந்த சித்தப்பா தோளைக் குலுக்கிக் குலுக்கிக் கழுத்தை உரசிக்கொண்டார். பின்பக்கம் பிடித்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் காலை உதறினார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். செத்த பிறகும் அப்பா சுலபமாக வீட்டுக்குள் வருகிற வழியாகத் தெரியவில்லை.

கேட்டின் மேல் பாதி சாய்ந்திருந்தது அந்த மரம். அப்பா கல்லூரியில் தாவரவியல் வாத்தியாராக இருந்தபோது கொண்டுவந்து நட்டது. கிளையெல்லாம் உள்ளே பொந்து. பொந்து நிறைய எறும்பு. இலைக்காம்பில் மரம் தேன் சுரந்து எறும்புக்குக் கொடுக்கும். எறும்பு புழு பூச்சியை மரத்தில் அண்ட விடாது. "ஒண்ணுக்காக ஒண்ணு மாறி மாறி வளர்ந்ததும்மா, லட்சக்கணக்கான வருஷமா" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பாடம் நடத்துவார். தபால்காரரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரை எறும்புகள் யாரையும் கடிக்காமல் விட்டுவைத்ததில்லை.

"இன்னும் எத்தனை பேர் வரணும். மருந்து அடிச்சிடலாமா?" என்றார் சித்தப்பா.

"அடிச்சிடுங்க சித்தப்பா. இனிமே கேக்க யாரு இருக்கா?"

அம்மா படியிறங்கி வந்தாள். மரத்தை வெட்டச் சொல்லிச் சொல்லித் தொண்டைத்தண்ணி வற்றிப்போனவள்.

"பின்பக்கமா கொண்டு வாங்க."

"அண்ணி, அந்தச் சந்துல தனியாளே நுழைய முடியாது."

"எறும்பு செத்தா மரத்தைப் புழு தின்னுடும். எத்தனை தடவை சொல்லியிருக்காரு."

"நீ எப்பம்மா காது குடுத்துக் கேட்டே?" என்றாள் மகள்.

அம்மா சந்துப் பக்கம் நடந்தாள்.

துணிக்கொடியை அவிழ்த்து, சிலிண்டரை நகர்த்தி, ஸ்ட்ரெச்சரை ஒருச்சாய்த்து, சமையலறை வழியாகக் கொண்டுபோனார்கள். சித்தப்பாவின் முழங்கை சுவரில் சிராய்த்தது. அடுப்பில் காலையில் பொங்கி வழிந்த பால் காய்ந்து கிடந்தது. மகளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்தியது. என்றைக்கும் இதே கதைதான்; அவர் பிடித்த பிடிக்கு வீடே வளைய வேண்டும்.

கூடத்தில் கிடத்திய பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அடியிலிருந்து ஓர் எறும்பு வெளியே வந்தது. அப்பா காலையில் மயங்கி விழுந்தது மரத்தடியில்தான். நசுக்குவதற்காக விரலை நீட்டினாள். அது விரல்மேல் ஏறிக்கொண்டது.

"இது வேற" என்று முணுமுணுத்தபடி எழுந்தாள். வந்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கேட்டை அடைந்து, ஒரு கிளையோடு விரலைச் சேர்த்து வைத்தாள். எறும்பு சாவகாசமாகக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்காமல் நின்றாள்.