மூன்று சுற்று கறுப்பு டேப்

பைக்கால் ஏரி உறைந்துகிடக்கும்போது அதன்மேல் வண்டி ஓட்டுகிற எங்கள் ஊர்க்காரன் எவனும் சீட் பெல்ட் போடமாட்டான். பனி பிளந்தால் குதிக்க வேண்டாமா? கதவைக்கூட லேசாகத் திறந்துதான் வைத்திருப்போம். என் கொழுந்தன் சவேலி பட்டணத்து வழக்கத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு போனான். வண்டியோடு அடியில் போய்ச் சேர்ந்தான். கரையில் நின்று அதைப் பார்த்தவர் என் வீட்டுக்காரர் புரோகோர். அன்றிலிருந்து ஏரி சும்மா உறுமினாலே பெல்ட்டைக் கழற்ற அவர் கை இடுப்பைத் தேடிப் போகும்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் பனிமேல் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்து சாதனை படைக்க ஆசை! ஏழு குளிர்காலம் ஒரு பழைய வோல்கா காரைப் பிரித்து, நீட்டி, தட்டி, அதற்குள்ளேயே குடியிருந்தார். அந்தப் பிரிவில் பழைய சாதனை 307. பெல்ட் கட்டாயம். போகும்போது ஒரு ஓட்டம், திரும்பும்போது ஒரு ஓட்டம், இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இரண்டின் சராசரிதான் செல்லும். பாதையின் பனியைத் துளைத்துப் பார்த்து, ஓட்டலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு.

அந்த மார்ச் மாத மத்தியானம் முதல் ஓட்டம் 309 வந்தது. எல்லையில் நின்றவர்கள் கத்திக் குதித்தார்கள். நான் காரிடம் ஓடினேன். இறங்கிய மனுஷன் சிரித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்திருந்தார்.

"நெஞ்சுல என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. வாயுப் பிடிப்பு."

"வாயுவா? வண்டியை நிறுத்துற பாராசூட் விரிஞ்சதும் ஸ்டியரிங்ல போய் மோதியிருக்க. பெல்ட் போட்டவன் எப்படிய்யா மோதுவான்?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். பெல்ட் கழன்று தொங்கியது. நடுவழியில் ஏரி முழங்கியதை நானும் கேட்டிருந்தேன்.

"நான் கழட்டல மர்ஃபா. சத்தியமா. நின்னப்புறம்தான் பார்த்தேன், தொங்குது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். பொய் சொல்கிறவரைத் திட்டித் திருத்தலாம். தன் கை செய்தது தனக்கே தெரியாதவரை என்ன செய்வது? முந்நூறு வேகத்தில் பெல்ட் இல்லாமல் கார் ஒருமுறை புரண்டால் அள்ளித்தான் எடுக்க வேண்டும்.

முழங்கிய இடத்துக்குப் பனி ஸ்கூட்டரில் விரைந்தேன். மயிரிழை போல ஒரு விரிசல். இரண்டு பக்கமும் துளை போட்டேன். முக்கால் ஆள் உயரத்துக்குக் கெட்டிப் பனி. விரிசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஏரி சோம்பல் முறித்திருக்கிறது, அவ்வளவுதான். தாங்கும்.

திரும்பியபோது பன்னிரண்டு நிமிஷம் மிச்சம். நேரம் பார்க்கிற கெர்மன் அண்ணனிடம் பெல்ட் விஷயத்தைச் சொன்னால் ஓட்டம் ரத்து. சொல்ல வாயும் திறந்தேன். ஆனால் அடுத்த வருஷம் எனக்குத் தெரியாமல் வேறொரு ஏரிக்குப் போவார். அங்கே நான் இருக்கமாட்டேன். வாயை மூடிக்கொண்டேன். கெர்மன் அண்ணன் பெல்ட்டைச் சோதித்துவிட்டு நகர்ந்ததும், என் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, பூட்டின் மேல் இறுக்கமாக மூன்று சுற்று சுற்றினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அடியே, என்ன பண்ற? வண்டி உள்ள போச்சுன்னா?"

"போகாது."

"போச்சுன்னா?"

"பனியைப் பார்த்தவ நான்தானே? நான் சொன்னதுமேல நம்பிக்கை இல்லன்னா இப்பவே இறங்கு. உன்னை யாரு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சா?"

என்னையே பார்த்தார். பிறகு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். என் கணக்கு தப்பினால், சவேலி போன வழியில் இவரை அனுப்பியவள் நானே. அவசரத்துக்கு டேப்பை அறுக்கக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, விரிசலுக்கு இருநூறு அடி தள்ளிப் போய் நின்றேன்.

முதலில் வெள்ளைப் புழுதி தெரிந்தது. அப்புறம் இரைச்சல். வண்டி என்னை நெருங்கும் நேரம் பார்த்து ஏரி ஒரு போடு போட்டது பாருங்கள், காலடியில் இடி விழுந்த மாதிரி! கார் வலப்பக்கம் இழுத்தது. பின்பக்கம் வெட்டி, பனித்தூள் மண்டி, காரே மறைந்துவிட்டது. ஐயோ, கொன்னுட்டேனே! கத்தியோடு ஓடினேன், நாலு எட்டில் வழுக்கி விழுந்தேன். தலையைத் தூக்கியபோது தூளைக் கிழித்துக்கொண்டு கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் சிவப்புப் பாராசூட் விரிந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் வாக்கி டாக்கியில் கணக்கு வந்துவிட்டது. 303. சராசரி 306. ஒரே ஒரு கிலோமீட்டர் குறைவு.

"ஒரு கிலோமீட்டர்டி!" கதவைத் திறந்ததும் கத்தினார். "உன் டேப்பையே நெனச்சுக்கிட்டு ஓட்டினேன், கால் தளர்ந்துபோச்சு! ஏழு வருஷம்! எல்லாம் உன்னாலதான்!"

பூட்டைக் காட்டினேன். மேல் இரண்டு சுற்றும் பிய்ந்து தொங்கின. மூன்றாவதும் பாதிவரை கிழிந்திருந்தது.

"நான் தொடவே இல்லையே," என்றார்.

அவருடைய வலது கையுறையைப் பிடித்துத் திருப்பினேன். விரல் நுனிகளில் கறுப்புப் பசை. அதைப் பார்த்தார். கத்தல் அடங்கிவிட்டது. டேப்பை அறுத்து அவரை வெளியே எடுத்தேன்.

வெயில் இறங்குமுன் கெர்மன் அண்ணன் தன் வேனில் எங்களை ஏரி வழியாகவே வீட்டுக்குக் கூட்டிப் போனார். பின் சீட்டில் உட்கார்ந்ததும் இந்த மனுஷன் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"கழட்டுய்யா. ஏரிமேல போறோம்," என்றேன்.

அவர் அசையவில்லை. ஏரி எங்கோ உறுமியது. அவர் வலது கை துள்ளிப் பூட்டைத் தொட்டது. இந்த முறை அவரே அதைப் பார்த்துவிட்டார்.

"பார்த்தியா மர்ஃபா, என்னைக் கேக்கவே இல்ல." அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கை அன்னிக்கு சவேலிக்கு இருந்திருக்கணும்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய பெல்ட்டை நானே கழற்றிவிட்டு, அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுகையால் என் பக்கத்துக் கதவை லேசாகத் திறந்து வைத்தேன்.