துடைக்காத மலை

மெர்வின் அங்கிள் கையில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. வரிசையில் நின்ற நேரமெல்லாம் அதை அவர் பிரிக்கவே இல்லை. உள்ளே கடலைதானா என்று எனக்குச் சந்தேகம். சின்ன டேப் ரெக்கார்டர் வைத்திருந்தாலும் வைத்திருப்பான் என்று க்ளெண்டேலிலிருந்து காரில் வரும்போதே அப்பா சொல்லியிருந்தார். "சும்மா கூப்பிடற ஆள் இல்ல அவன். நீ வாயைத் திறக்காம இரு." நான் யார் முன்னாலும் வாயைத் திறப்பதில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னார்.

வெயிலில் மூவரும் ஒரு கம்பித் தடுப்புக்குள் நகர்ந்துகொண்டிருந்தோம். அங்கிள் அப்பாவைப் பார்ப்பார். அப்பா திரும்பிப் பார்த்ததும் அங்கிள் தன் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். நான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பு அப்பாவுக்கும் அங்கிளுக்கும் ஒரே பட்டறை இருந்தது. பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் புதுச் சவாரிகளைக் கற்பனை செய்து கொடுப்பது தொழில். அங்கிள் வரைவார், அதை அப்பா ஒரு மேசை அளவுக்குக் களிமண்ணில் செய்து காட்டுவார். பத்து செய்தால் ஒன்றைக் கட்டுவார்கள். மற்றவை மேசையோடு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிறகு நானும் அங்கேதான் கம்பியில் பஞ்சைச் சுற்றிப் பச்சை அடித்து மரம் செய்துகொண்டிருந்தேன். கட்டாமலே போன தீவுகளுக்கும் கோட்டைகளுக்கும் மரம் வைத்தவள் நான்.

அப்படிக் கட்டாமல் போனவற்றில் ஒன்று நிலாச் சவாரி. படகு மலைக்குள் போகும். இருட்டு. எல்லோரும் நிலாவை மேலே தேடுவார்கள். அது தண்ணீருக்கு அடியில் இருக்கும். அங்கிளின் யோசனை அது. செய்யச் சொன்ன பூங்காக்காரர்கள் பாதியில் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேண்டாம் என்றால் மாதிரியை உடைத்து, களிமண்ணைத் திரும்ப வாளியில் போட வேண்டும். அதுதான் பட்டறை வழக்கம். தன் கையாலேயே உடைத்துவிட்டதாக அப்பா சொன்னார். கொஞ்ச நாளில் அதே நிலா இந்தப் பாலைவனப் பூங்காவில் தண்ணீருக்கு அடியில் எரிய ஆரம்பித்தது. "படம் யாருகிட்ட இருந்துச்சு? அவன்கிட்டதானே? அவன்தான் வித்திருக்கணும்" என்று அப்பா கேட்டவரிடமெல்லாம் சொன்னார். சின்னத் தொழில் எங்களுடையது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதற்குப் பிறகு அங்கிளுக்கு யாரும் வேலை தரவில்லை. ஃப்ரெஸ்னோவில் மளிகைக் கடைக் கண்ணாடிகளில் தக்காளி விலை எழுதிக்கொண்டிருந்தார்.

இப்போது ஒரு கம்பெனி அவரைச் சேர்த்துக்கொள்ள நினைக்கிறது. திங்கட்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து, ஆள் எப்படி என்று கேட்பார்கள். அப்பா சொல்லும் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு தடவை தன்னோடு வந்து அந்தச் சவாரியைப் பார்க்கும்படி அங்கிள் கேட்டிருந்தார். மறுத்தால் ஏதாவது நினைத்துக்கொள்வான் என்றுதான் அப்பா வந்தார்.

வரிசை திரும்பியதும் மலை வந்தது. சிவந்த பாறை, கைக்கெட்டும் தூரத்தில். எனக்கு முன்னால் ஒரு பையன் பாறையில் சுழித்துச் சுழித்துப் போன வரிகளை விரலால் தடவிக்கொண்டே வந்தான். "இது என்னம்மா?" என்றான். "தண்ணி ஓடி ஓடி வந்த கோடுடா. எத்தனையோ ஆயிரம் வருஷம்" என்றாள் அவன் அம்மா.

தண்ணீர் போட்ட கோடு இல்லை அது. மலை எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். களிமண் மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் பூச்சுக்காரர்கள் ஈரச் சிமெண்டில் பெரிதாக்கிக் கீறுவார்கள். எது பாறை, எது பிழை என்று அவர்கள் கேட்பதில்லை. அதனால்தான் அப்பா கடைசி வேலையாக ஈரப் பஞ்சால் மாதிரி முழுவதையும் துடைப்பார். நான் தெரியாமல் தொட்டுவிட்டால் திட்டுவார். விரல் பட்டது மேசையில் தெரியாது, மலையில் தெரியும் என்பார். நிலா மலையைப் பாதியில் நிறுத்தியதால் அந்தக் கடைசி வேலை நடக்கவே இல்லை.

பையன் கை எடுத்த இடத்தில் பார்த்தேன். வட்டத்துக்குள் வட்டமாக, ஒரு சன்னல் அகலத்துக்கு விரல் ரேகை. அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. களிமண் அறுக்கும் கம்பி அப்பாவின் வலது கட்டைவிரலில் போட்ட தழும்பு அதே சாய்வில்தான் போகும். சின்ன வயதில் என் தாடையைப் பிடித்துத் திருப்பும்போதெல்லாம் அது சொரசொரவென்று படும்.

நிலா மலையை உடைத்துவிட்டதாக அப்பா சொன்ன அந்த வாரத்து வாளி எனக்கு ஞாபகம் வந்தது. மலையை உடைத்துப் போட்டிருந்தால் வாளி நிரம்பி வழிந்திருக்க வேண்டும். மரங்களை ஊன்றக்கூட மண் இல்லாமல் நான் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

அங்கிளும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை இங்கே வந்திருப்பார் என்று தெரியவில்லை.

"மலை நல்லா வந்திருக்குடா, லோவெல்."

"உன் படம்தானே" என்றார் அப்பா.

"என் படத்துல மலை ஒரே ஒரு கோடுதான். மிச்சத்த நீ பாத்துக்குவேன்னு விட்டுட்டேன்." அங்கிள் மெதுவாகத்தான் சொன்னார். "திங்கக்கிழம போன் வரும்."

"தெரியும்."

"என்ன சொல்லப்போற?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பார்த்தார். பிறகு வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அங்கிள் பொட்டலத்தைப் பிரித்தார். கடலைதான். எனக்கு ஒரு பிடி கொடுத்தார். அப்பா பக்கம் நீட்டினார். அப்பா இடது கையால் வாங்கிக்கொண்டு, தின்னாமல் வைத்திருந்தார்.

படகு வந்தது. நாங்கள் இருவரும் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மடிக்கு மேல் கம்பி இறங்கியது. சீருடை போட்ட பெண் ஒவ்வொரு படகாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு கையையும் மேல தூக்குங்க. எல்லாரும். சார், நீங்களும்."

அங்கிள் தூக்கினார். நான் தூக்கினேன். அப்பா முதலில் இடது கையைத் தூக்கினார். விரல்களுக்கு இடையிலிருந்து கடலை உதிர்ந்தது. பிறகு வலது கை மேலே வந்தது. கட்டைவிரலை உள்ளே மடித்து, மற்ற நாலு விரல்களாலும் இறுக மூடியிருந்தார். அவள் கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். படகு நகர்ந்து, மலைக்குள் இருட்டு தொடங்கும் வரை அந்தக் கை அப்படியே மேலேதான் இருந்தது.