நிறுத்த அனுமதி மூன்று நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை 6.42க்கு அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். 6.53க்குக் கிளம்பினேன். இது என் கணக்கு அல்ல. எதிர்க்கம்பத்துக் கேமராவின் கணக்கு. மறுநாளே அபராதக் கடிதம் வந்துவிட்டது. கூடவே படம். நான் நடைபாதையில் மண்டியிட்டு அத்தானின் இரண்டு கால்களையும் தூக்கி வண்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். அக்கா மடக்கிய வாக்கரை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள்.

அத்தான் படத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"நம்பர் பிளேட் எவ்ளோ தெளிவா விழுந்திருக்கு பாத்தியா? நாலு கம்பெனி கேமராவப் பாத்துட்டு இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்."

"என் மூஞ்சியும் தெளிவா விழுந்திருக்கு அத்தான்."

"ஓட்டுறவன் வண்டிய விட்டு இறங்கக்கூடாது. நீ இறங்கியிருக்க. அது தனி."

தனிதான். உறைக்குள் இருந்த இரண்டாவது தாள் அதற்கு.

அத்தான் நகராட்சியில் பத்தொன்பது வருடம் தெருவிதிப் பிரிவின் தலைவராக இருந்தார். எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்தப் பக்கம் திரும்பலாம் எல்லாம் அவர் சொன்னதுதான். ஓட்டுநர்கள் அவரை நிமிஷக்காரர் என்பார்கள். முன்னால் வேறு ஏதாவது சேர்த்தும் சொல்வார்கள். நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டேதான் கிளட்சை மிதிக்கக் கற்றார்கள். அத்தானுக்கு ஓட்டத் தெரியாது. அலுவலக வண்டி வரும், டிரைவர் கதவைத் திறப்பார், இவர் ஏறுவார்.

ஆளை ஏற்றி இறக்க மூன்று நிமிடம் என்ற விதி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது அவரே சொன்னார். அலுவலகக் கைப்பந்து அணியில் ஒரு பையன். அவனை ஒரு பையோடு காரில் ஏற்றி இறக்கி, ஸ்டாப்வாட்ச் வைத்து ஏழு முறை அளந்தார்கள். சராசரி ஒரு நிமிடம் ஐம்பது நொடி. அத்தான் அதை மூன்றாக்கினார்.

"அந்த எழுபது நொடி எதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அன்று. "வயசானவங்களுக்கு. நோயாளிகளுக்கு. அப்புறம் மழை."

மூன்றுக்கும் சேர்த்து எழுபது நொடி. சொல்லிவிட்டு ஒரு கொடைவள்ளலைப் போல மோரைக் குடித்தார்.

இப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மருத்துவமனையில் நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கதவிலிருந்து வண்டிக்குப் பதினான்கு அடி. வாக்கரோடு வந்து, உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுக்கப் பதினொரு நிமிடம். திரும்பி வரும்போது தலை சுற்றும், இன்னும் ஓரிரண்டு கூடும். இத்தனை நாள் யாரும் அளக்கவில்லை. அவர் ஓய்வு பெறும் முன் தேர்ந்தெடுத்த கேமராவுக்கு அந்தத் திங்கட்கிழமைதான் இணைப்பு வந்தது.

இன்னொரு கடிதம் வந்தால் என் பள்ளி உரிமத்தை ஆறு மாதம் முடக்குவார்கள். நானும் அக்காவும் அன்றே நகராட்சிக்குப் போனோம். நோயாளிச் சலுகைக்கு ஒரு படிவம் இருந்தது. அந்தப் பிரிவில் இப்போது இருப்பவர் அத்தானின் சிஷ்யர். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றார். சாரின் உடம்பைப் பற்றி உருக்கமாக விசாரித்தார். பிறகு உட்கார்ந்து ஏழாம் பத்தியில் விரலை வைத்தார்.

"சாரோட டிரைவிங் லைசென்ஸ் நகல் வேணுங்க."

"அவருக்கு ஏது லைசென்ஸ்? வண்டிய இவன் ஓட்டுறான்."

"விண்ணப்பதாரர் பேர்லதான் இருக்கணுங்க. செல்லுபடியாகிற லைசென்ஸ். டாக்டர் தகுதிச் சான்றோட."

"என்ன தகுதி?"

"வண்டி ஓட்டுற அளவுக்கு உடம்பு நல்லாருக்குன்னு."

அக்கா அவரையே பார்த்தாள். "உடம்பு முடியலன்னு சலுகை கேட்டு வந்திருக்கேன். உடம்பு நல்லாருக்குன்னு சீட்டு கேக்குறீங்க."

"ஆமாங்க."

"நல்லாருந்தா நான் எதுக்கு இங்க வர்றேன்?"

"அந்தக் கேள்வி ஃபாரத்துல இல்லீங்களே அக்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏழாம் பத்தி சாரே எழுதினது. ஊர்ல பார்க்கிங்குக்காக ஆளாளுக்கு ஒரு நோயாளி மாமாவ வாடகைக்குப் புடிச்சிட்டு வருவாங்கன்னு சொன்னாரு."

"ஆம்புலன்ஸ் வந்து நின்னா?"

"அவசரம்னா நிக்கலாங்க. ஆனா சாருக்குக் கிழமை குறிச்சாச்சே. முன்கூட்டியே தெரிஞ்சது அவசரம் ஆகாது."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் சொன்னோம். அத்தான் தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தார்.

"ஏழாம் பத்தின்னு சரியா சொன்னானா?"

"சொன்னான்," என்றாள் அக்கா.

"பாக்காமயா?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் பேசின.

வியாழக்கிழமை நான் விதிப்படி பின்தெருவில் நிறுத்தினேன். முந்நூறு மீட்டர். "ஆரோக்கியமான ஆளுக்கு நாலு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே அத்தான் கிளம்பினார். நாற்பதாவது அடியில் பூட்டிய கடையொன்றின் படியில் உட்கார்ந்தார். எழ முடியவில்லை. கடைக்காரர் வந்து, கடை வாசலை அடைத்து உட்காரக்கூடாது, நகராட்சிச் சட்டம் என்றார். அத்தான் ஆமோதித்துத் தலையசைத்தார். அவரை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆனது. அன்று சிகிச்சை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. பேசினால் மூச்சு இரைத்தது. மருத்துவமனையில் கேட்டதற்கு, சனிக்கிழமையும் விட்டால் அப்புறம் எங்களைக் கேட்காதீர்கள் என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. தினமும் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். பழகுநர் ஓட்டும் பயிற்சி வண்டி ஆஃப் ஆகி நின்றால் பதினைந்து நிமிடம் வரை நிற்கலாம். ஆசிரியர் கீழே இறங்கலாம். பின்சீட்டில் முறைக்குக் காத்திருக்கும் இன்னொரு மாணவர் இருக்கலாம், ஏறலாம், இறங்கலாம். இது அத்தானுக்கு முன்பிருந்தவர் எழுதியது. அவர் வண்டி ஓட்டிப் பழகியவராக இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, நீ வண்டி கத்துக்க."

"எனக்கு அம்பத்தெட்டு வயசுடா."

"ஆஃப் பண்ணத் தெரிஞ்சா போதும்."

அன்று மதியமே பழகுநர் உரிமத்துக்கான சாலைக் குறியீட்டுத் தேர்வை எழுதினாள். இருபதுக்கு இருபது. பத்தொன்பது வருடம் அவளுக்குச் சோற்றோடு பரிமாறப்பட்ட பாடம்.

அத்தானையும் மாணவராகச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்கைத் தாளை நீட்டினேன். மூச்சு வாங்கியபடி கையெழுத்திட்டார். வாழ்நாளில் அவர் படிக்காமல் கையெழுத்திட்ட ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை அதிகாலைத் தெருக்களில் எல் போர்டோடு ஊர்ந்து போனோம். ஸ்டியரிங்கில் அவள் கை, எல்லாப் பெடலிலும் என் கால். வீட்டு வாசலில் மட்டும் கிளட்ச் அவளுடையது. வண்டி குலுங்கி நின்றது. பதினோராவது நிமிடம் கிளம்பினோம். கடிதம் வரவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் ஒரு சிக்கல் முளைத்தது. அக்கா நன்றாக ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். நன்றாக ஓட்டுகிறவர்களுக்கு வேண்டுமென்றே ஆஃப் செய்வது கஷ்டம், கால் கேட்காது. வாசல் வந்ததும் பல்லைக் கடித்துக் கிளட்சை வெடுக்கென்று விடுவாள். ஓட்டுநர் தேர்வில் வேறு தோற்க வேண்டும். தேறிவிட்டால் எல் போர்டு போய்விடும், பதினைந்து நிமிடமும் போய்விடும். தேர்வில் அவள் ஒரு கம்பத்தைத் தேர்ந்தெடுத்து இடித்தாள். ஆய்வாளர் அவளிடம், வீட்டில் இருந்துகொண்டு சமையலைப் பாருங்கள் என்றார். நன்றி என்றாள்.

அத்தான் தேறினார். வீக்கம் வடிந்தது. தானே சவரம் செய்துகொண்டார். செய்தித்தாளில் தெருவிளக்குச் செய்திகளைக் கோடிட்டார். ஒருநாள் மேசை இழுப்பறையில் சேர்க்கைத் தாளின் நகல் கிடைத்திருக்கிறது. படித்திருக்கிறார்.

எனக்கு இது அடுத்த சனிக்கிழமைதான் தெரிந்தது. சிகிச்சை முடிந்து மதியம் திரும்பினோம். அக்கா வாசலில் வண்டியைக் குலுக்கி நிறுத்தினாள். நான் இறங்கி வாக்கரை விரித்து, பின்கதவைத் திறந்தேன். அத்தான் இறங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"போற வழியில நகராட்சியில குடுத்துடு. அங்க இருக்குற என் சிஷ்யன் கையிலேயே குடு."

உறை ஒட்டப்படவில்லை. மூன்று பக்கம், எண்ணிட்ட பத்திகள், அடிக்கோடுகள். பயிற்சி வண்டிகளுக்கான சலுகை துஷ்பிரயோகம் செய்யப்படுகிறது. பதினைந்து நிமிடத்தை மூன்றாகக் குறைக்க வேண்டும். சான்றாக எங்கள் வண்டி எண், கிழமைகள், நேரங்கள். பயனடைந்தவர் என்று தன் பெயரைத் தயக்கமில்லாமல் எழுதியிருந்தார். அக்காவின் பெயர் அடுத்த வரியில்.

"அத்தான், இது போனா வேற வழியே கிடையாது. புரியுதா?"

"எனக்காக விதி வளையக்கூடாது."

"யாரு வளைச்சா? வண்டி ஆஃப் ஆயிடுச்சு."

"ஆஃப் ஆகல. அவ ஆஃப் பண்றா. ரெண்டு மாசமா பின்னாடி உக்காந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" இருமினார். "நாளைக்கு ஊர்ல எல்லாரும் ஆளுக்கொரு எல் போர்ட மாட்டிக்கிட்டு நிப்பானுங்க. அப்புறம் தெருன்னு ஒண்ணு எதுக்கு?"

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் பின்னால் திரும்பினாள். நான் காகிதங்களைக் கொடுத்தேன். மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள்.

"எத்தன நாளா எழுதுனீங்க?"

"நாலு நாள். நடுவுல ஒரு பத்தி சரியா வரல, கிழிச்சுட்டுத் திரும்ப எழுதுனேன்."

"கை நடுங்கலயா?"

"இல்லையே." வலது கையை விரித்து அவளிடம் காட்டினார். கை அசையாமல் நின்றது. அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். காகிதங்களை மடித்து உறையில் போட்டு அவர் மடியில் வைத்தாள்.

"கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இத எழுதறதுக்குத் தெம்பு எங்கேருந்து வந்துச்சு?"